ஏரி நடுவில் கொதித்த இன்ஜின்

இன்ஜின் மேல் பூசியிருந்த பச்சைப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் தொட்ட விரலை வைத்தேன். சுர்ரென்றது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே பெரிய துரை. அவருடைய வெள்ளைத் தொப்பியில் கரும்புகை படிந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

பேத்தமங்களா ஏரியின் நட்டநடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை அதே தூரம். படகில் நாங்கள் நான்கு பேர். சுரங்கக் கம்பெனியை நடத்தும் பெரிய துரை, பம்பு ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ளும் பம்பு துரை, என் மனைவியின் அண்ணன் முனிரத்தினம், நான்.

"இன்னா மேன், ஆவுமா ஆவாதா?" என்றார் பம்பு துரை. அவர் தமிழ் கற்றது, சுரங்கத்து வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லைன் ஆட்களிடம். அதனால் எங்களைப் போலவேதான் பேசுவார்.

"ஆவும் துரை" என்றேன். எப்படி ஆகும் என்று எனக்கே தெரியாது.

போன இதழில், பேத்தமங்களா குவார்ட்டர்ஸில் என் மூத்த மகன் பிறந்ததைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? சேலத்திலிருந்து ஒரு வாசகர் மடக்கிக் கேட்டிருக்கிறார்: "தாங்கள் தங்கச் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். ஏரிக்கரையில் வீடு எப்படி வந்தது?" நியாயமான கேள்வி. பதில் இந்தப் படகில்தான் இருக்கிறது. ஏறி உட்காருங்கள் ஐயா. வேட்டியில் எண்ணெய் படும், பரவாயில்லை.

கூண்டில் இரண்டு முகம்

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மைசூர் மைன்ஸில் அண்டர்கிரவுண்டு பம்பு பிட்டர். பாறையிலிருந்து கசியும் தண்ணீரை இரவு பகலாக மேலே தள்ளிக்கொண்டிருக்கும் பம்புகளுக்கு நான் வைத்தியன். முனிரத்தினமும் அதே லெவலில் அதே ஷிப்டில் என் கூடவே வேலை பார்த்தார்.

தங்க வயலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆழத்தில் பாறை சில சமயம் தானாகவே வெடிக்கும். அதை நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். கீழே வெடித்தால் மேலே பூமி ஆடும். லைன் வீடுகளில் அடுக்கி வைத்த பானைகள் உருளும். அவ்வளவுதான், லைனில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் கையில் எது இருக்கிறதோ அதோடு, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வரும். உள்ளே தன் ஆள் முகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அடுத்த கூண்டு.

என் மனைவி கன்னியம்மா ஒரு தடவை களி கிண்டிய துடுப்போடு ஓடி வந்து நின்றாள். மற்ற பெண்கள் ஒரு முகத்தைத் தேடினால், அவள் இரண்டு முகத்தைத் தேட வேண்டும். ஒன்று நான், இன்னொன்று அவள் அண்ணன். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் அப்பாவைத் தேடி அப்படித்தான் நின்றிருந்தாள். கடைசிக் கூண்டு வரைக்கும் அவர் வரவில்லை.

"மேல இன்னா வேலையா இருந்தாலும் சரி. கூட்டற வேலையா இருந்தாலும் சரி. மேல வந்துடுங்க" என்பாள்.

எனக்குக் கோபம் வரும். "கேட்டவுடனே தூக்கிக் குடுத்துடுவானா? மேல் வேலைக்கு எத்தினி பேர் காத்துக்கினு கீறான் தெரியுமா?" என்று கத்துவேன். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

பெட்டியில் வந்த படகு

அந்த நேரத்தில்தான் மதராசிலிருந்து ரயிலில் ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. உள்ளே மோட்டார் படகு.

தங்க வயலின் குடிதண்ணீர் முழுவதும் பேத்தமங்களா ஏரியிலிருந்துதான் வர வேண்டும். ஏரிக்குள் தண்ணீர் இழுக்கும் கல் கோபுரம் ஒன்று உண்டு. அதன் கம்பி வலையில் பாசியும் கொடியும் வந்து அடைத்துக்கொள்ளும். ஆட்கள் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுத்தம் செய்து திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மோட்டார் படகு இருந்தால் போய் வர அரை மணி என்று கணக்குப் போட்டு, பம்பு துரை எப்படியோ அனுமதி வாங்கி வரவழைத்துவிட்டார்.

அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட, சுரங்கத்திலிருந்து எங்கள் இருவரையும் தற்காலிகமாக மேலே கூப்பிட்டுக்கொண்டார். ஏற்பாடு இதுதான். பெரிய துரை ஒரு சனிக்கிழமை வருவார். அவர் கண் முன்னால் படகு கோபுரத்தைச் சுற்றிவிட்டு நிற்காமல் திரும்ப வேண்டும். திரும்பினால் படகோட்ட ஒரு ஆளுக்கு நிரந்தர வேலை, ஏரிக்கரையில் வீடு. வழியில் நின்றால் படகு மதராசுக்கு, நாங்கள் கீழே.

இதைக் கன்னியம்மாவிடம் சொன்னபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை

இப்போதெல்லாம் மோட்டாரைப் படகின் பின்பக்கம் தொங்கவிடுகிறார்களாமே, இது அப்படி இல்லை. இன்ஜின் படகின் நடுவில் உட்கார்ந்திருக்கும். மண்ணெண்ணெயில் ஓடும். அதன் உடம்பைச் சுற்றி இரட்டைச் சுவர். படகின் அடிவயிற்றில் ஒரு குழாய் வாய். அது ஏரித் தண்ணீரை உறிஞ்சும், சின்னப் பம்பு ஒன்று அதை இரட்டைச் சுவருக்குள் தள்ளும், சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் பக்கவாட்டு மூக்கு வழியாக ஏரியிலேயே ஊற்றும். இவ்வளவுதான் சங்கதி. அந்த மூக்கில் தண்ணீர் கொட்டும் வரை கவலை இல்லை.

கரையில் கட்டிப்போட்டு மெதுவாக ஓட்டினால் தங்கமான பிள்ளை. ஏரி நடுவில் வேகம் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் மூக்கில் தண்ணீர் மெலியும், இன்ஜின் காயும், முனகும், நின்றுவிடும். துடுப்புப் போட்டுக் கரைக்கு வருவோம். மறுபடி ஓட்டினால் மறுபடி தங்கமான பிள்ளை. இரண்டு நாள் இதே கூத்து.

எண்ணெயை மாற்றினேன். பின்னால் சுழலும் விசிறியில் கொடி சுற்றியிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தேன், இல்லை. பம்பைக் கழற்றி, உள்ளே இருந்த தோல் வாஷரைப் புதிதாக வெட்டிப் போட்டேன். பாகம் பாகமாகத் துணியில் பரப்பி வைத்தோம்.

"இன்னா சுத்தமா கீது பாரு மாப்ளே. ஒரு பொட்டு சேறு இல்ல" என்றார் முனிரத்தினம்.

நானும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மழை பெய்து ஓய்ந்த சமயம். பாலாறு கொண்டுவந்த செம்மண்ணில் ஏரியே செங்கல் நிறத்தில் கிடக்கிறது. அந்தத் தண்ணீரை இரண்டு நாள் குடித்த பம்புக்குள் ஒரு பொட்டு சேறு இல்லை. அதைக் கண்டு சந்தேகப்படாமல் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், நான் பிட்டராம். அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

ஒரு குவளைத் தண்ணீர்

ஆக, நாம் ஏரி நடுவில் இருக்கிறோம். கோபுரத்துக்கு இன்னும் பாதித் தூரம். பெயின்ட் பொங்குகிறது. கரையில் வேடிக்கை பார்க்க லைன் ஆட்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கன்னியம்மாவும் இருக்கிறாள்.

வேகத்தைக் குறைத்தேன். மூக்கில் நூல் போலத் தண்ணீர் வந்தது. எவ்வளவு வருகிறது என்று பார்க்க முனிரத்தினத்தை ஒரு தகரக் குவளையில் பிடிக்கச் சொன்னேன். முனிரத்தினத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், வாய்க்கும் வயிற்றுக்கும் ஓய்வு கொடுக்காத மனிதர். குவளை பாதி நிறைய வெகு நேரம் ஆனது. வெயில் மண்டையைப் பிளந்தது. அதை ஆற்றி ஆற்றி, நான் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மடக் மடக்கென்று குடித்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "ஏன்யா, நம்ம பொழப்பே போவுது, உனக்குத் தண்ணி கேக்குதா?"

"கோச்சுக்காத மாப்ளே. கொஞ்சம் எண்ணெ வாசனை அடிக்குது. மத்தபடி நல்ல தண்ணி. நம்ம வீட்டுத் தண்ணி மாரியே கீது."

நான் ஏரியைப் பார்த்தேன். செங்கல் நிறம். குவளையைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் மிச்சம் இருந்த தண்ணீர் தெளிவாக இருந்தது.

நம்ம வீட்டுத் தண்ணி.

எங்கள் வீட்டில் குடிப்பதும் இதே ஏரித் தண்ணீர்தான். ஆனால் லைன் குழாயில் எந்தப் பெண்ணும் அதை அப்படியே பிடிக்க மாட்டாள். ஒரு தடவை காலரா வந்து போன பிறகு ஏற்பட்ட வழக்கம் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழாய்த் துணி. தன் முறை வந்ததும் துணியை இரண்டாக மடித்துக் குழாய் வாயில் கட்டுவாள், குடம் நிறைந்ததும் அவிழ்த்துக்கொண்டு போவாள். ஒருத்தி துணி இன்னொருத்தி குடத்துக்கு ஆகாது. துணி கட்டாமல் தண்ணீர் பிடித்தவளை லைனே ஒரு வாரம் பேசும்.

அப்புறம் இன்னொன்று நினைவு வந்தது. படகை ஏரியில் இறக்குவதற்கு முன்னால் பூஜை போட்டோம். கரையில் கட்டைகள் மேல் அதை நிறுத்தியிருந்தோம். கன்னியம்மா குங்குமக் கிண்ணத்தோடு சுற்றிச் சுற்றி வந்தாள். "இது எந்த வாயால தண்ணி குடிக்கும்?" என்று கேட்டாள். நானும் பெரிய வாத்தியார் போல அடியில் கையைக் காட்டிவிட்டுத் தேங்காய் உடைக்கப் போய்விட்டேன்.

இன்ஜினை நிறுத்தினேன். தலைப்பாகையையும் சட்டையையும் கழற்றிப் போட்டேன்.

"எங்க மேன் போற?" என்று பம்பு துரை கேட்டு முடிப்பதற்குள் குதித்துவிட்டேன்.

அவள் முடிச்சு

தண்ணீருக்கு அடியில் கண் தெரியவில்லை. படகின் வயிற்றைத் தடவிக்கொண்டே போனேன். வழவழவென்று, ஒரு குழந்தையின் தலை அளவுக்குச் சேறும் பாசியும் கையில் தட்டியது. உள்ளே துணி. முடிச்சைத் தடவிப் பார்த்தேன். இறுக்கி ஒன்று, அதன் மேல் இன்னொன்று. என் சாப்பாட்டு மூட்டையைத் தினமும் கட்டுகிற முடிச்சு எனக்குத் தெரியாதா?

அவிழ்க்க முடியவில்லை. மூச்சு முட்டியது. மேலே வந்து கத்தியை வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். அறுத்தேன். துணியோடு மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்தேன். கருஞ்சிவப்புச் சேலைத் துண்டு. போன பொங்கலுக்கு அவள் கட்டியிருந்த சேலை.

முனிரத்தினமும் அது யார் சேலை என்று அடையாளம் கண்டுகொண்டார்.

அடைப்பு இப்படித்தான் ஆகியிருக்கிறது. வேகம் கொடுத்தால் பம்பு பலமாக உறிஞ்சும், சேறு துணியில் அப்பும், தண்ணீர் நின்றுபோகும். இன்ஜின் நின்றதும் அப்பியதில் பாதி கழன்று விழும். அதனால்தான் கரைக்கு வந்தால் மறுபடி நல்ல பிள்ளை.

பெரிய துரை ஏதோ கேட்டார். பம்பு துரை என்னைப் பார்த்து, "யார் கட்டினது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் துரை. புத்தி இல்லாம கட்டிட்டேன்" என்றார் முனிரத்தினம். தங்கையைக் காப்பாற்றுகிறாராம்.

"சும்மா இரு மச்சான்" என்று சொல்லிவிட்டு இன்ஜினிடம் போனேன். சூடு தணியும் வரை காத்திருந்து சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு இருமல், இரண்டு இருமல், பிடித்துக்கொண்டது. வேகம் கொடுத்தேன். மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது பாருங்கள், செக்கச் செவேலென்று, சேறும் சகதியுமாக! அவ்வளவு அழகான அழுக்குத் தண்ணீரை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

கோபுரத்தைச் சுற்றினோம். கல்லில் உட்கார்ந்திருந்த நீர்க்காக்கைகள் எழுந்து பறந்தன. திரும்பும்போது இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கரை நெருங்க நெருங்க லைன் ஆட்கள் போட்ட கூச்சல் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எனக்கு எழுந்து நின்று ஆட வேண்டும்போல இருந்தது. படகு கவிழும் என்று அடக்கிக்கொண்டேன்.

கரையில் நடந்தது

இறங்கியதும் பெரிய துரை நேராக முனிரத்தினத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இவரை இப்படியே விட்டால் இருக்கிற வேலையும் போய்விடும்.

"துரை, கட்டினது இவர் இல்ல. என் சம்சாரம். ஆனா கண்டுபிடிச்சது இவர்தான், தண்ணியக் குடிச்சுப் பாத்து" என்றேன்.

பம்பு துரை அதை இங்கிலீஷில் சொன்னார். பெரிய துரை கன்னியம்மாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். வந்தவள் துரையைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள்.

"ஐயோ, அத ஏன் அவுத்தீங்க? சேறெல்லாம் உள்ள போயிடுமே" என்றாள்.

பம்பு துரைக்குச் சிரிப்பில் மொழிபெயர்க்கவே வரவில்லை. தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் பெரிய துரை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கரும்புகைத் தொப்பியைக் கழற்றி, அதைப் பார்த்து மறுபடி சிரித்தார். பிறகு ஏதோ சொன்னார். அந்த அம்மாள் சொல்வது சரி, வடிகட்டி வேண்டும்தான், துணிதான் தவறு, பித்தளைத் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டு என்று பம்பு துரை எனக்குச் சொன்னார். கடைசியாக, "வேலை உனக்கு" என்றார்.

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் அவள் அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்தேன், எனக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"துரை, படகுக்கு ரெண்டு ஆள் வேணும். நான் இன்ஜினப் பாத்தா தண்ணிய யார் பாக்கறது? இன்னைக்கு நான் ஒருத்தனா இருந்தா இன்னும் ஏரி நடுவிலதான் கெடப்போம்."

பம்பு துரை முகம் மாறியது. ஆனாலும் அதை இங்கிலீஷில் சொன்னார். முனிரத்தினம் என் முழங்கையைக் கிள்ளினார். "மாப்ளே, கெடச்சத கெடுத்துக்காத." பெரிய துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் இடுப்பில் இருந்து ஏரித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிடைத்த வேலையும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

பிறகு அவர் இரண்டு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்துபோனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஏரிக்கரை வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுக்கக் கொஞ்ச நாள் ஆனது. அதுவரை மைசூர் மைன்ஸ் லைன் வீட்டிலேயே இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் முனிரத்தினமும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கன்னியம்மா களி போட்டுக்கொண்டிருந்தாள். பூமி ஆடியது. மேல் அடுக்குப் பானை உருண்டு விழுந்து உடைந்தது. கன்னியம்மா துடுப்பைப் போட்டுவிட்டு வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள். தெரு நடுவில் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் கையில் களியோடு உட்கார்ந்திருக்கிறோம். என் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். வாசல்படிக்கு வந்து உட்கார்ந்து, "ரெண்டு பேரும் இங்கியே கீறீங்க, ரெண்டு பேரும் இங்கியே கீறீங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண், இடுப்பில் கைக்குழந்தையும் அவிழ்ந்த கூந்தலுமாக எங்கள் வாசலைக் கடந்து ஓடினாள். அவள் புருஷன் அன்று கீழே ஷிப்டில் இருந்தான். அவன் நல்லபடியாக மேலே வந்து சேர்ந்தான், உங்களுக்கு அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் தெரியாது.

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ எங்க போற? நாங்கதான் இங்க கீறோமே" என்றேன்.

"அவ தனியா ஓடறா" என்றாள்.

ஓடிப்போய் அந்தக் குழந்தையைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஷாப்டைப் பார்த்து ஓடினாள். நாங்கள் இருவரும் கைகூடக் கழுவாமல் அவர்கள் பின்னால் ஓடினோம்.